திருமண வரவேற்பில் விருந்தினர்களுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். தங்கைக்குத் தை மாதம் திருச்சியில் திருமண வரவேற்பு. நீங்கள் திருநெல்வேலிப் பக்கம், மாப்பிள்ளை வீடு கிருஷ்ணகிரிப் பக்கம். பெண்ணும் பையனும் திருச்சியில் வேலை பார்க்கும்போது பழகி, இரண்டு வீட்டிலும் சம்மதித்து நடக்கிற கல்யாணம். 600 பேர் வருவார்கள், மாலை 6.30 முதல் 9.30 வரை. வந்தோம், மேடை ஏறினோம், சாப்பிட்டோம், கிளம்பினோம் என்று இல்லாமல் வருகிறவர்களுக்கு ஏதாவது விளையாட்டு வைக்க வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் நம் மண்டபத்துக்கு ஒட்டாமல் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினான்கு வருடமாக வரவேற்புகளில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது 600 என்ற எண் இல்லை, திருநெல்வேலியும் கிருஷ்ணகிரியும்தான். அன்று மாலை மண்டபத்துக்குள் நுழைந்தால் நீங்களே பார்ப்பீர்கள். இடது பக்க நாற்காலிகளில் உங்கள் ஆட்கள், வலது பக்கம் அவர்கள் ஆட்கள், நடுவில் ஒரு நடைபாதை. மூன்று மணி நேரமும் அந்த நடைபாதையைத் தாண்டி யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். சம்பந்திகள் மட்டும் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் யார் என்ன யோசனை சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதனால் நம் பக்கத்து ஆள் ஒருவர் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரோடு இரண்டு வார்த்தை பேசுவாரா? பேசுவார் என்றால் வையுங்கள். இல்லையென்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

செல்ஃபி பூத் அப்படித்தான் என் பட்டியலிலிருந்து போனது. பூ வளையம், எழுத்துப் பலகை, பெரிய கண்ணாடிச் சட்டம் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். தப்பில்லை, ஆனால் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

அடுத்து நேரக் கணக்கு. இதைப் பார்க்காமல் திட்டம் போட்டால் எல்லாம் வீணாகும். 600 பேர் என்றால் மேடைக்கு ஏறுவது ஏறக்குறைய 200 குடும்பங்கள். ஏறி, கை குலுக்கி, பரிசு கொடுத்து, வரிசையாக நின்று, பாட்டியை நடுவில் நிறுத்தி, படம் எடுத்து இறங்க ஒரு குடும்பத்துக்கு 45 விநாடி ஆகும். 200 முறை 45 விநாடி என்றால் 9000 விநாடி, அதாவது இரண்டரை மணி நேரம். உங்களுக்கு இருப்பதே மூன்று மணி நேரம். ஆக, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையை விட்டு அசைய முடியாது. அவர்களை வைத்து ஆடுகிற ஆட்டம் எதுவும் மேடை வரிசையை நிறுத்திவிடும், கீழே நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

அதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒவ்வொருவரும் மேடைக்காக இருபது நிமிடமாவது காத்திருக்கிறார். பந்தி மண்டபத்தில் 200 பேர் உட்காரலாம் என்றால் மூன்று பந்தி. இரண்டாம் பந்திக்காரர்கள் முதல் பந்திக்காரர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள், சாப்பிடுகிறவருக்கும் சங்கடம், நிற்கிறவருக்கும் சங்கடம். இந்தக் காத்திருப்பு நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற இடம். விளையாட்டை மேடையில் வைக்காமல், ஆட்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

சரி, என்னென்ன வைக்கலாம்?

முதலில் ஊர்ப் பலகை. நான் இதுவரை வைத்ததில் ஒருமுறைகூடச் சோடை போகாதது இதுதான். தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை ஆறடி உயரத்துக்கு அச்சடித்து நிறுத்துங்கள். மாவட்ட எல்லையும் முக்கிய ஊர்ப் பெயர்களும் இருந்தால் போதும். பக்கத்திலேயே சிறியதாக ஓர் உலக வரைபடம், பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று வருகிறவர்களுக்கு. இரண்டு நிறத்தில் வட்ட ஸ்டிக்கர்கள்: பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, இரண்டு பேருக்கும் பொதுவான நண்பர்களுக்கு வேண்டுமானால் மூன்றாவது நிறம். வருகிறவர் தன் சொந்த ஊரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் அதைச் சுற்றி நடப்பதைப் பார்க்க வேண்டும். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரைபடத்துக்கு அரை அடி தூரத்தில் நிற்பார். தன் ஊர் அதில் இல்லை. "சங்கரன்கோயிலுக்கும் கழுகுமலைக்கும் நடுவுல போடுங்க" என்று பேரனிடம் சொல்வார். பக்கத்தில் நிற்கிறவர், அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர், "கழுகுமலையா? நான் அங்க ரெண்டு வருஷம் வேலை பார்த்தேனே" என்பார். அவ்வளவுதான், அடுத்த பத்து நிமிடம் இருவரும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். நம் ஆட்களுக்குப் பேச்சைத் தொடங்க "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதை விட எளிதான கேள்வி கிடையாது. அந்தக் கேள்வியை ஒரு பலகை கேட்கிறது, அவ்வளவுதான். ஊரோடு நின்றுவிடுங்கள். குடும்பப் பட்டம், குலம் என்று எதையும் அந்தப் பலகையில் கேட்காதீர்கள்.

இந்தப் பலகையில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். முதன்முதலில் இதை வைத்தபோது ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் பொட்டு கொடுத்தேன். கல்யாண வீடு, மங்கலமாக இருக்கும் என்று நினைத்தேன். எல்லோரும் ரசித்தார்கள். ஓர் அம்மா மட்டும் பலகைக்கு அருகில் வந்து, பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மணமகளின் சொந்தச் சித்தி, கணவரை இழந்தவர். பொட்டு அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற பெண் சின்னவள், அவளுக்கு எதுவும் புரியவில்லை. "ஏன் சித்தி, ஒட்டுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே "இருக்கட்டும்மா" என்று நகர்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குள் உறுத்துகிறது. மகிழ்ச்சிக்காக வைத்த ஒரு பொருள், வந்தவரை வாசலிலேயே தள்ளி நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து சாதாரண வட்ட ஸ்டிக்கர்தான். எந்த விளையாட்டை யோசித்தாலும் கணவனை இழந்தவர்கள், திருமணம் ஆகாதவர்கள், குழந்தை இல்லாதவர்கள், வேறு மதத்து நண்பர்கள் என ஒவ்வொருவரும் அந்த மேசை முன்னால் வந்து நிற்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். யாராவது ஒருவர் தயங்குவார் என்று தோன்றினால் மாற்றிவிடுங்கள்.

பலகையை எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மொய் எழுதுகிற மேசைக்குப் பிறகு வையுங்கள், முன்னால் வேண்டாம். கையில் கவரோடு வருகிறவருக்கு அதைக் கொடுத்து முடிக்கும் வரை வேறு எதிலும் மனம் போகாது. பன்னீர், சந்தனம், கல்கண்டு, மொய், அதற்குப் பிறகு பலகை. ஃப்ளெக்ஸில் அடிக்காதீர்கள், சுருங்கும், பளபளப்பில் ஸ்டிக்கர் நழுவும். சன்போர்டு என்கிற லேசான நுரைப் பலகையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் கல்யாணத்துக்கென்றே பொருந்துகிற ஒன்று: சொல் ஜோடி. தென்கோடியும் வடகோடியும் சேர்கிற கல்யாணம் இது. உங்கள் வீட்டில் தடியங்காய் என்பதை அவர்கள் வெள்ளைப் பூசணி என்பார்கள். உங்கள் சீனி அவரைக்காய் அவர்களுக்குக் கொத்தவரங்காய். உங்கள் மைனி அவர்களுக்கு அண்ணி. உங்கள் சாரம் அவர்களுக்கு லுங்கி. உங்கள் வாரியல் அவர்களுக்குத் துடைப்பம். உங்கள் ஆச்சி அங்கே ஆயா. இப்படி நாற்பது ஐம்பது ஜோடி சேருங்கள். தங்கையும் மாப்பிள்ளையும் பழகிய காலத்தில் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போன சொற்கள் கட்டாயம் இருக்கும், அவர்களிடமே கேளுங்கள், அதுதான் இதில் தனி ருசி. கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படியென்றால் அந்தச் சொற்களும் வரட்டும்.

உங்கள் பக்கத்து ஆட்களுக்கு உங்கள் சொல் எழுதிய அட்டை, அவர்கள் பக்கத்துக்கு அவர்கள் சொல். வாசலில் கொடுத்துவிடுங்கள். "இதற்கு ஜோடி அந்தப் பக்கம் ஒருவரிடம் இருக்கிறது, கண்டுபிடித்து இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் ஆளுக்கொரு பரிசு" என்று சொல்லிவிடுங்கள். பரிசு பெரிதாக வேண்டாம். திருநெல்வேலி அல்வாவில் ஒரு சின்னப் பொட்டலம் போதும், வாங்கிவருவது உங்களுக்கு எளிது. மாங்கனிக்குப் பேர் போன ஊர் கிருஷ்ணகிரி. தையில் மாம்பழம் வராது, மாங்காய் ஊறுகாயோ மாம்பழ ஜாமோ அவர்கள் வீட்டிலிருந்து வரட்டும். நெல்லைக்காரருக்கு மாங்காய், கிருஷ்ணகிரிக்காரருக்கு அல்வா என்று மாற்றிக் கொடுங்கள்.

இதை எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம். 600 பேரும் அட்டையோடு அலைந்தால் சந்தைக்கடை ஆகிவிடும். ஐம்பது ஜோடி, அதாவது நூறு பேர் ஆடினால் மீதிப் பேர் பார்த்து ரசிப்பார்கள். பத்திலிருந்து இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களுக்குப் பாதிச் சொல் தெரியாது. தெரியாததால் பாட்டியிடம் போய்க் கேட்பார்கள். அதுவும் நமக்கு வேண்டியதுதான்.

மூன்றாவது பல்லாங்குழி மேசை. இதைச் சொன்னால் "இப்ப யார் ஆடுவாங்க" என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பதினான்கு குழி உள்ள ஒரு மரக்கட்டை, நல்ல வெளிச்சம், ஸ்பீக்கரிலிருந்து தூரம். அவ்வளவு வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கும்பகோணத்தில் ஒரு வரவேற்பு. பெண் வீடு தஞ்சாவூர்ப் பக்கம், மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர்ப் பக்கம். மேசை முதல் அரை மணி நேரம் காலியாகத்தான் கிடந்தது. அப்புறம் மணமகளின் அம்மாச்சி கால் வலிக்கிறது என்று நாற்காலி இருப்பதைப் பார்த்து உட்கார்ந்தார். கை தானாகச் சோழியை அள்ளிக் குழிக்கு ஐந்து ஐந்தாகப் போட ஆரம்பித்தது. எதிர் நாற்காலியில் மாப்பிள்ளையின் பாட்டி வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் அறிமுகம் கிடையாது, ஒரு வார்த்தை பேசவில்லை, ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நாலாவது சுற்றில் சண்டை. "ஏனுங்க, குழியில நாலு சேர்ந்தா பசுவுங்க, எடுத்துக்கோணும்" என்கிறார் கோவைப் பாட்டி. "எங்க ஊர்ல கடைசிக் காய் விழுந்தாத்தான் எடுக்கணும், இப்படிப் பாதியில எடுக்கக் கூடாது" என்கிறார் தஞ்சாவூர் அம்மாச்சி. சுற்றிலும் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். தஞ்சாவூர் கட்சி, கோவை கட்சி. கடைசியில் ஓர் ஆட்டம் இந்த ஊர் முறை, அடுத்த ஆட்டம் அந்த ஊர் முறை என்று முடிவானது. பந்திக்குக் கூப்பிட்டும் இருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு பக்கத்து இலைகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேடையில் கூட்டம் குறைந்ததும் பெண் இறங்கி வந்து இரண்டு பாட்டிகளுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டாள், பட்டுப் புடவையோடு. அன்று எடுத்த படங்களில் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

ஒரு எச்சரிக்கை. காய்களுக்குச் சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எதுவும் வைக்கலாம், குன்றிமணி மட்டும் கூடாது. அழகாகச் சிவப்பும் கறுப்புமாக இருக்கும், கடையில் கிடைக்கும், ஆனால் விஷம். குழந்தை கடித்து மென்றுவிட்டால் ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் எந்தக் காயையும் வாயில் போட்டுக்கொள்ளும், அதனால் மேசைக்கு ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் இன்னொரு மேசையில் தாயக்கட்டமும் ஆடுபுலி ஆட்டமும் வைக்கலாம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. தாத்தாக்கள் அங்கே வந்துவிடுவார்கள்.

நம் கல்யாணங்களில் விளையாட்டு புதிது இல்லை என்பதும் உங்கள் வீட்டில் யாராவது முகம் சுளித்தால் சொல்ல வேண்டிய பதில். நலங்கில் தேங்காய் உருட்டுவதும் தலையைச் சுற்றி அப்பளம் உடைப்பதும் உண்டு. குடத்துத் தண்ணீருக்குள் மோதிரம் போட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் தேடுவது பல வீடுகளில் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பேரின் கூச்சத்தை உடைக்க நம் முன்னோர் வைத்த ஆட்டம் அது. உங்கள் தங்கையும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர்கள், கூச்சம் இருப்பது இரண்டு குடும்பங்களுக்கு நடுவில்தான்.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். மொத்த மாலையில் மூன்று முறை மட்டும் மைக் பிடிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 7.15, 8.00, 8.30 என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எட்டு நிமிடத்துக்குள் ஆடுவதற்கு விசிறி ஆட்டம் நன்றாக இருக்கும். பனை ஓலை விசிறி நூறு இருநூறு வாங்கி, ஒரு பக்கம் பெண் படம், மறுபக்கம் மாப்பிள்ளை படம் ஒட்டி நாற்காலிகளில் வைத்துவிடுங்கள். தென் மாவட்டத்தில் பனை ஓலை வேலை செய்கிறவர்களிடமே சொல்லி வைத்தால் அவர்களுக்கும் வருமானம். தை மாதம் என்றாலும் 600 பேர் கூடினால் மண்டபம் புழுங்கும், விசிறி வீண் போகாது. "முதலில் காதலைச் சொன்னது யார்? சாம்பாரில் உப்பை மறந்தது யார்? காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவது யார்?" என்று கேட்டால் கூட்டம் விசிறியைத் திருப்பிக் காட்டும். மணமக்கள் மேடையில் நின்றபடியே சரியான பதிலைச் சொல்வார்கள், வரிசை நிற்காது.

கேள்விகளைத் தங்கையும் மாப்பிள்ளையும் முன்கூட்டியே பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நிறம், எடை, சம்பளம், மாமியார் சமையலா அம்மா சமையலா, எப்போது நல்ல செய்தி, பழைய கதைகள் இவற்றில் ஒன்றுகூட வரக் கூடாது. ஒரு வரவேற்பில் நண்பர்கள் கடைசி நிமிடத்தில் ஒரு கேள்வியைச் செருகினார்கள். கூட்டம் சிரித்தது, மாப்பிள்ளையின் அத்தை எழுந்து வெளியே போனார். அவரைச் சமாதானம் செய்து பந்திக்கு அழைத்து வர ஒரு மணி நேரம் ஆனது. அன்று மைக் பிடித்திருந்தவன் நான், அதனால் அது என் பொறுப்பு. இப்போதெல்லாம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்காத கேள்வியை யார் நீட்டினாலும் வாசிப்பதில்லை.

பாட்டுக் கச்சேரி வைக்கப் போகிறீர்கள் என்றால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் நான் மேலே சொன்ன எதுவும் நடக்காது. கச்சேரிக்குப் பதில் பாட்டுக்குப் பாட்டு வைக்கலாம். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது நடத்தி, பிறகு சன் டிவியிலும் வந்ததே, அது. ஒரு பாட்டு முடிகிற எழுத்தில் அடுத்தவர் பாட்டைத் தொடங்க வேண்டும், நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் விதி தெரியும். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று அணி பிரிக்காதீர்கள், போட்டி சம்பந்திச் சண்டையாக மாறும். வரிசை வரிசையாகப் பிரியுங்கள், முன் வரிசைகளில் இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து உட்காரும்படி. தமிழில் ண, ள, ழ, ற, ன எழுத்துகளில் சொல் தொடங்காது என்பதால் அப்படி முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்து என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தகராறு வராது. மண்டபத்துக்கு வெளியே திறந்த வெளியில் ஒலிபெருக்கி கட்டினால் இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அப்படி. உங்கள் நிகழ்ச்சி 9.30-க்கு முடிவதால் தப்பித்தீர்கள்.

எழுத வைப்பது பற்றி. வாழ்த்துப் புத்தகம் என்று ஒரு நோட்டை விரித்து வைத்தால் "வாழ்க வளமுடன்" என்று நானூறு பேர் எழுதிவிட்டுப் போவார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை, வெற்றுத் தாளைப் பார்த்தால் எல்லோருக்கும் அதுதான் வரும். முன்பெல்லாம் வாழ்த்து மடல் அச்சடித்து, சட்டம் போட்டு, சபையில் வாசித்துக் கொடுப்பார்கள். சுயமரியாதைத் திருமணங்களில் வாழ்த்துரைதான் நிகழ்ச்சியே. எழுதவும் பேசவும் தெரிந்த சமூகம்தான் நாம், கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

நான் செய்வது இது. அஞ்சலகத்தில் இருநூறு போஸ்ட் கார்டு வாங்கி, மணமக்கள் குடியிருக்கப் போகிற முகவரியை முகவரிப் பக்கத்தில் அச்சடித்து விடுகிறோம். எழுதுகிற பக்கத்தின் மேலே ஒரு வரி இருக்கும். சிலவற்றில் "தலை ஆடிக்கு", சிலவற்றில் "தலைதீபாவளிக்கு", சிலவற்றில் "முதல் சண்டை வந்த அன்றைக்கு", சிலவற்றில் "இருவருக்கும் சமைக்கச் சோம்பலான அன்றைக்கு". நான்கு பெட்டிகள். விருந்தினர் ஒரு கார்டை எடுத்து அந்த நாளுக்கு ஏற்றபடி நாலு வரி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டிகளை மணமக்களிடம் கொடுக்காதீர்கள். உங்கள் அப்பாவிடம் கொடுங்கள். வாரத்துக்கு மூன்று நான்கு கார்டு வீதம் அவர் தபாலில் சேர்க்கட்டும். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்து, ஆட்கள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகும் ஒரு வருடம் வரை தங்கை வீட்டுக்கு யாராவது ஒருவர் கையெழுத்தில் தபால் வந்துகொண்டே இருக்கும். சமைக்கச் சோம்பலான அன்றைக்கு என்று எழுதியதில் எனக்குத் தெரிந்து ஒரு பெரியம்மா ஐந்து நிமிட ரசம் வைக்கும் முறையை எழுதியிருந்தார், புளி எவ்வளவு என்பதற்கு ஒரு சின்ன நெல்லிக்காயை வரைந்திருந்தார்.

எழுதத் தயங்குகிற பெரியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பிள்ளையை உட்கார வையுங்கள், அவர்கள் சொல்ல அவன் எழுதட்டும். பேனா நிறைய வாங்குங்கள், குறைந்தது ஐம்பது. நூல் கட்டி மேசையோடு இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எட்டு மணிக்கு ஒன்றுகூட இருக்காது. கார்டை நடக்கிற வழியில் வைத்தால் யாரும் எழுத மாட்டார்கள், உட்கார நாற்காலி வேண்டும். பந்தி மண்டப வாசலுக்கு அருகில் வைப்பது நல்லது, அங்கேதான் காத்திருக்கிறார்கள். விருப்பம் இருந்தால் அழைப்பிதழை அனுப்ப அஞ்சல் துறையின் மை ஸ்டாம்ப்பையும் விசாரித்துப் பாருங்கள். மணமக்கள் படம் போட்ட தபால் தலை, ஒரு தாளில் பன்னிரண்டு வரும். தலைமை அஞ்சலகத்தில் கேட்டால் சொல்வார்கள், முன்கூட்டியே போக வேண்டும்.

குழந்தைகளுக்குக் கிளி ஜோசியம் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உயிருள்ள கிளி வேண்டாம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தப் பறவைக்கும் அது கொடுமை. அதற்கு மாற்றாக ஒரு வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். பச்சைப் பட்டுப் பாவாடை, சிவப்பு ரிப்பன், ஏழு வயதுப் பெண்குழந்தை ஒருத்தி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர் பெயரைச் சொன்னதும் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவாள். மணமக்களின் நண்பர்கள் எழுதிய சீட்டுகள். "இன்று உங்களுக்கு இரண்டாவது பாயசம் கிடைக்கும் யோகம் இருக்கிறது, பந்தியில் இடது ஓரமாக உட்காரவும்." "நீங்கள் இதுவரை பேசாத ஒருவர் உங்களுக்கு மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார், அவரிடம் ஊர் கேட்கவும்." பெரியவர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். குழந்தைகளை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள், இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு குழந்தைக்குச் சலிக்கும்.

மருதாணி, வளையல் கடை, பஞ்சு மிட்டாய், பீடா இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வைத்தால் கணக்கோடு வையுங்கள். கையில் சின்னதாக ஒரு மருதாணி வரைய ஐந்து நிமிடம், ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு கை. இரண்டு பேர் மூன்று மணி நேரம் இடைவிடாமல் வரைந்தாலும் 72 கைகள். 300 பெண்கள் வருகிற இடத்தில் அது மனக்குறைக்கு வழி. கண்ணாடி வளையல் அப்படியில்லை, ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். 2.4, 2.6 அளவுகளை அதிகமாகவும் 2.2, 2.8 அளவுகளைக் கொஞ்சமாகவும், குழந்தைகளுக்குத் தனியாகவும் வாங்குங்கள். வளையல் கடையிலும் எல்லோரையும் அழையுங்கள், வயதோ நிலையோ பார்த்துக் கேட்காதீர்கள், ஆனால் யாரையும் வற்புறுத்தவும் வேண்டாம்.

நான் சொன்ன அத்தனையும் செய்யாதீர்கள். 600 பேருக்கு நான்கு இடங்கள் போதும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஊர்ப் பலகை, சொல் ஜோடி, பல்லாங்குழி மேசை, போஸ்ட் கார்டு நான்கையும் எடுப்பேன், விசிறி ஆட்டத்தை மைக்குக்கு வைத்துக்கொள்வேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாள். இரண்டு பேர் உங்கள் வீட்டிலிருந்து, இரண்டு பேர் அவர்கள் வீட்டிலிருந்து. இதற்காக அந்த நால்வரும் பத்து நாள் முன்னாலிருந்தே வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும், சொற்கள் சேர்க்க, சன்போர்டு அளவு பார்க்க, ஊறுகாய் எத்தனை பாட்டில் என்று கேட்க. வரவேற்பு அன்று மண்டபத்துக்குள் வரும்போது அந்த நால்வருக்காவது நடைபாதை இருக்காது.

கடைசியாக ஒன்று, வீடியோ எடுப்பவரிடமும் மேடைப் பொறுப்பாளரிடமும் இப்போதே சொல்லிவைக்க வேண்டியது. மேடைக் கணக்கு இரண்டரை மணி நேரம் போக மிஞ்சுகிற அரை மணியிலிருந்து எடுத்துக்கொண்டு, 8.45-க்கு மேடை வரிசையை இருபது நிமிடம் நிறுத்திவிடுங்கள். 7 மணியிலிருந்தே அதை அறிவித்துக்கொண்டிருந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள், தூர ஊர் போகிறவர்கள் முன்னதாகவே ஏறிவிடுவார்கள். அந்த இருபது நிமிடம் தங்கையும் மாப்பிள்ளையும் கீழே இறங்கட்டும். ஊர்ப் பலகையில் இரண்டு பேரும் கடைசியாகத் திருச்சியில் ஸ்டிக்கர் ஒட்டட்டும். அதற்கு மட்டும் இரண்டு நிறமும் இல்லாமல் வேறு ஒரு நிறம் வாங்கி வையுங்கள்.